நூற்றுக்கு நாலா, நாற்பதா? இலங்கையில் மனச்சோர்வும் பதகளிப்பும்

வெள்ளவத்தையில் படிப்பிக்கும் ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார்: "பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். நாட்டில் எத்தனை பேருக்கு மனச்சோர்வும் பதகளிப்பும் இருக்கிறது என்று ஒரு வரி போட வேண்டும். ஒரு பத்திரிகை நூற்றுக்கு நாலு என்கிறது. செயலமர்வில் ஐந்தில் ஒருவர் என்றார்கள். யாழ்ப்பாணம் பற்றிய பேச்சில் நாற்பது வீதம் என்றும் காதில் விழுந்தது. எதைப் போடுவது?"

ரீச்சர், உங்களுக்கு வேண்டிய வரியை முதலில் தந்துவிடுகிறேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் வெளியிட்ட அறிக்கை இலங்கைக்கு மனச்சோர்வு (டிப்ரஷன்) 4.1 வீதம், பதகளிப்பு (ஆங்சைட்டி, அதாவது ஓயாத பயமும் படபடப்பும்) 3.4 வீதம் என்று சொல்கிறது. 2015ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு அது. தலைக்கணக்கில் மனச்சோர்வு ஏறத்தாழ 8 இலட்சம் பேர், பதகளிப்பு 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அளவில். இரண்டையும் கூட்டி 15 இலட்சம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பது மிகச் சாதாரணம். கூட்டினால் அவரை இரண்டு தரம் எண்ணியதாகிவிடும்.

சரி, அப்படியானால் ஐந்தில் ஒருவர் என்றவரும் நாற்பது என்றவரும் பொய் சொன்னார்களா? இல்லை. நான் பல வருடம் வினாக்கொத்தும் கையுமாகக் கொழும்பில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். இப்போது அந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரே வீட்டில், ஒரே ஆளிடம், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் எப்படி மாறும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 4.1 வீதம் யாரும் நாடு முழுக்கப் போய் எண்ணி எடுத்தது இல்லை. கையில் இருக்கும் ஆய்வுகள், அயல்நாடுகளின் தரவு, சனத்தொகையின் வயது, ஆண் பெண் விகிதம் எல்லாவற்றையும் ஒரு கணித மாதிரிக்குள் போட்டு எடுத்த மதிப்பீடு. இந்தியாவைப் பாருங்கள். அதே அறிக்கை இந்தியாவுக்கு மனச்சோர்வு 4.5 வீதம் என்றது. ஆனால் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஆட்களை நேரில் கண்டு நடத்திய தேசிய மனநல ஆய்வில், அந்த நேரம் மனச்சோர்வில் இருந்தவர்கள் 2.7 வீதம்தான். ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம், இரண்டு எண்.

இனி நம்மூர்க் கதைக்கு வருவோம். கொழும்பு மாவட்டத்தில் 6,014 பேரை நேர்காணல் செய்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. வாழ்க்கையில் எப்போதாவது ஒரு தடவை மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 6.6 வீதம் என்று அதில் வந்தது. அதே ஆய்வில், அதே ஆட்களின் அதே பதில்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால் 11.2 வீதம். ஏறத்தாழ 1.7 மடங்கு. அது என்ன நிபந்தனை? "இதனால் உங்கள் அன்றாட வேலை, குடும்பப் பொறுப்பு கெட்டுப்போனதா?" என்பதுதான்.

எனக்கு இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் ஆட்களைத் தெரியும். கொட்டாஞ்சேனையில், மட்டக்குளியில், தெமட்டகொடைத் தொடர்மாடிகளில் அவர்களோடு உட்கார்ந்து கதைத்திருக்கிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, சாப்பாட்டுப் பார்சல் கட்டி, பிள்ளைகளை ஸ்கூல் வானில் ஏற்றிவிட்டு, வேலைக்கும் போய்வரும் ஒரு தாயிடம் "வேலை ஏதும் கெட்டுப்போனதா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "இல்லையே, எல்லாம் நான்தானே செய்யிறன்" என்பார். மாதக்கணக்கில் சரியான நித்திரை இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, தனிய இருந்தால் கண்ணீர் வருகிறது. ஆனால் அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. அந்த நிபந்தனையை வைத்தால் அவர் கணக்கில் வரமாட்டார், எடுத்தால் வருவார். மருத்துவ வரைவிலக்கணத்துக்கு அப்படி ஒரு கோடு தேவைதான், இல்லாவிட்டால் மனிதருக்கு இயல்பாக வரும் கவலை எல்லாம் நோயாகிவிடும். ஆனால் நம் பெண்கள் எந்த நிலையிலும் வேலையை நிறுத்துவதில்லை என்பதால், அந்தக் கோடு அவர்களில் பலரை வெளியே விட்டுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது காலம். 100ஆம் இலக்க பஸ் காலி வீதியில் ஓடுகிறது. இந்த நிமிடம் வெள்ளவத்தைச் சந்தியில் அதற்குள் எத்தனை பேர் என்று கேட்டால் ஒரு எண். இன்றைக்கு முழுக்க எத்தனை பேர் ஏறினார்கள் என்றால் வேறொரு எண். இந்த ஊரில் வாழ்நாளில் ஒரு தடவையாவது அதில் போனவர்கள் எத்தனை பேர் என்றால் மூன்றாவது எண். மனச்சோர்வும் அப்படித்தான். கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறோமா, கடந்த ஒரு வருடத்தையா, வாழ்நாள் முழுவதையுமா? பத்திரிகைகள் இதை எழுதுவதே இல்லை. வெறும் வீதத்தை மட்டும் போடுவார்கள்.

வாழ்நாள் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 18 நாடுகளில் ஒரே மாதிரியான நேர்காணலை வைத்து நடத்திய ஆய்வுகளின் முடிவு 2011இல் வந்தது. வசதியான நாடுகளில் வாழ்நாள் மனச்சோர்வு 14.6 வீதம், வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் 11.1 வீதம். ஆனால் கடந்த 12 மாதம் என்று கேட்டபோது 5.5 வீதமும் 5.9 வீதமும். அதாவது வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. பழைய துன்பத்தை நினைவில் எடுத்து, அதற்கு ஒரு நோயின் பெயர் வைத்துச் சொல்லும் பழக்கம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இருபது வயதில் பட்டதை ஐம்பது வயதில் கேட்டால், "அது அந்த நேரத்துப் பிரச்சினை" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் "ஐந்தில் ஒருவர்". இது எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. மனச்சோர்வை விரைவாகக் கண்டுபிடிக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்து உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. பி.எச்.கியூ–9 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் நித்திரை எப்படி, பசி எப்படி, மனம் எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் வைத்தியரிடம் காட்டச் சொல்வது வழக்கம். நல்ல கருவி அது. அதை உருவாக்கியவர்கள் 2001இல் வெளியிட்ட கட்டுரையில், நோய் உள்ளவர்களில் 88 வீதமானோரை அது சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 88 வீதமானோரைச் சரியாக விட்டுவிடும் என்று காட்டினார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம், உங்கள் கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் உண்மையில் 50 பேருக்கு மனச்சோர்வு, அதாவது 5 வீதம். கருவி அந்த 50இல் 44 பேரைப் பிடிக்கும். மிச்சம் 950 பேருக்கு நோய் இல்லை, ஆனால் அவர்களில் 12 வீதமானோரை, அதாவது 114 பேரை, தவறாகச் சேர்த்துக்கொள்ளும். 44உம் 114உம் 158. ஆக, உண்மையில் 5 வீதம் இருந்த இடத்தில் ஏறத்தாழ 16 வீதம் என்று முடிவு வரும். இருபதில் ஒருவர் ஆறில் ஒருவராகிவிட்டார், யாரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கருவி யாரை வைத்தியரிடம் அனுப்பலாம் என்று பார்ப்பதற்கு ஆனது. நாட்டில் எத்தனை பேருக்கு நோய் என்று எண்ண அதை எடுத்தால் எண் ஊதிப்போகும். இணையத்தில் படிவம் அனுப்பி மாணவரிடமும் ஊழியரிடமும் நிரப்பச் சொல்லி எடுக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வகை. அந்த 114 பேரையும் "சும்மா சொல்கிறார்கள்" என்று தள்ளிவிடுவதும் பிழை, அதையும் சொல்ல வேண்டும். நோய் என்ற கோட்டைத் தாண்டாவிட்டாலும் ஏதோ ஒரு பாரம் இருப்பதால்தான் புள்ளி ஏறியது. அவர்களில் பலருக்கு மருந்து தேவைப்படாது, கதைக்க ஒரு ஆள் தேவைப்படும்.

யாழ்ப்பாணத்து எண்ணை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில், யாழ் மாவட்டத்தில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 வீதம். அந்த நேரமும் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 48.5 வீதமும் 41.8 வீதமும். நீங்கள் கேட்ட நாற்பது இதிலிருந்து வந்திருக்கலாம். இதுவும் அறிகுறிப் பட்டியலை வைத்து எடுத்த எண்தான், ஆகவே சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். ஆனாலும் அதே மாதிரிக் கருவியை அமைதியான ஒரு ஊரில் வைத்தால் இந்த அளவுக்கு வராது. வீடு போய், உறவு போய், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருந்த சனத்தின் எண் அது. அதை "இலங்கையில் 40 வீதம்" என்று எழுதினால் நாட்டின் கணக்கும் பிழைக்கும், அந்தச் சனத்துக்கு நடந்ததும் மறைந்துவிடும்.

புத்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பயிற்சிக்கு எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இருபது வருடத்துக்கு மேலாகப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் 450 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஏதாவது ஒரு பொதுவான மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் 18.8 வீதம். ஆனால் அதற்குள் பாருங்கள்: கடும் மனச்சோர்வு 5.1 வீதம், பதகளிப்பு வெறும் 1.3 வீதம், உடல் நோவாக வெளிப்படும் பாதிப்பு 14 வீதம்.

அந்த 14 வீதம் நமக்குப் பழக்கமான ஆட்கள்தான். தலையிடி, நாரி நோவு, நெஞ்சுக்குள் ஏதோ அடைத்த மாதிரி, கை கால் விறைப்பு, உடம்பெல்லாம் அலுப்பு. வெளிநோயாளர் பிரிவில் விடியற்காலையில் இருந்து வரிசையில் நின்று, பனடோலும் விற்றமினும் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் திரும்ப வருவார்கள். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது. "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை அம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அவருக்கு வருத்தம் இருக்கிறது, உடம்பின் மொழியில் சொல்கிறார், அவ்வளவுதான்.

மொழி என்றதும் நினைவுக்கு வருகிறது. வினாக்கொத்தைத் தமிழாக்கும் போது நாங்கள் படும் பாட்டை யாரும் வெளியே பேசுவதில்லை. "மன அழுத்தம்" என்ற சொல்லை ஒருவர் வேலை நெருக்கடிக்குச் சொல்கிறார், இன்னொருவர் மனச்சோர்வு நோய்க்குச் சொல்கிறார். "பதகளிப்பு" என்பது நம் நாட்டு மனநலக்காரர்களுக்குத் தெரிந்த சொல், கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையிடம் கேட்டால் முழிக்கும். ஆனால் "கனக்க யோசிக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்கும். நம் பேச்சில் யோசனை என்றால் சிந்தனை மட்டும் இல்லையே, மனதை அரிக்கும் கவலையும் அதுதான். "நெஞ்சு படபடக்குதா, ஏதோ நடக்கப்போகுது மாதிரி இருக்கா?" என்றால் பதகளிப்பு பிடிபடும். சொல் மாறினால் எண் மாறும்.

சொல் மட்டும் இல்லை, பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதும். இரண்டு அறை வீட்டில் மருமகளிடம் "அழ வேண்டும் போல இருக்கிறதா?" என்று கேட்கும்போது மாமியார் கதிரையில் உட்கார்ந்திருந்தால் பதில் தெரிந்ததுதானே. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, அந்த மாமியாரிடம் மரியாதையாக ஒரு பிளேன்டீ கேளுங்கள், அவர் குசினிக்குப் போகும் ஐந்து நிமிடத்தில் கஷ்டமான கேள்விகளைக் கேட்டு முடியுங்கள் என்பது. எத்தனையோ தடவை அந்த ஐந்து நிமிடத்தில் முழு வினாக்கொத்தும் திருப்பி எழுத வேண்டி வந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய் எடுக்கும் ஆய்வில் அகப்படாத ஒரு கூட்டமும் கொழும்பில் இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்து கடை மாடியிலேயே படுக்கும் பொடியன்கள். போர்டிங் அறைகளில் நாலைந்து பேராக இருக்கும் பிள்ளைகள். வீட்டுவேலைக்கு நின்று அங்கேயே தங்கும் பெண்கள். வாக்காளர் இடாப்பை வைத்து மாதிரி எடுத்தால் இவர்களின் பெயர் ஊரில் இருக்கும், ஆள் இங்கே இருப்பார். தனிமையும் வேலைப் பளுவும் கடனும் ஒன்றாகச் சேர்ந்த இவர்களைச் சேர்த்து எண்ணினால் கொழும்பின் எண் ஏறும் என்றே நினைக்கிறேன்.

ஆண் பெண் வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதே 2017 அறிக்கையில் உலக அளவில் மனச்சோர்வு பெண்களில் 5.1 வீதம், ஆண்களில் 3.6 வீதம். பதகளிப்பு பெண்களில் 4.6, ஆண்களில் 2.6. ஆண்கள் குறைவாகச் சொல்கிறார்கள், குடிக்குள் மறைக்கிறார்கள் என்ற வாதத்திலும் உண்மை உண்டு.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கூடியிருக்குமா என்றும் நீங்கள் நினைப்பீர்கள். கோவிட் முதல் வருடத்தில் மனச்சோர்வும் பதகளிப்பும் உலகில் 25 வீதம் கூடியதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. அதாவது 4 என்பது 5 ஆகும், 29 ஆகாது. இதைப் பலர் பிழையாக வாசிக்கிறார்கள். இங்கே அதோடு நிற்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். காஸ் வரிசையிலும் எண்ணெய் வரிசையிலும் இரவு பகலாக நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் மேலே சொன்ன 4.1 வீதம் இதற்கெல்லாம் முந்திய 2015இன் எண் என்பதை உங்கள் பிரசுரத்தில் குறிப்பிடுங்கள்.

இன்னும் ஒன்று. இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக, இலட்சத்துக்கு 47 என்று இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. ஆபத்தான பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததே அதற்கு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பல உயிரைக் காப்பாற்றிய வேலை அது. ஆனால் அந்த எண் இறங்கியதால் மனச்சோர்வும் இறங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

எனக்கு மிகவும் கவலை தரும் எண் வேறொன்று. 21 நாடுகளில் எடுத்த ஆய்வுகளின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் ஓரளவுக்காவது போதுமான சிகிச்சை கிடைப்பது வசதியான நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கு. வருமானம் குறைந்த, கீழ் நடுத்தர வருமான நாடுகளில் இருபத்தேழில் ஒருவருக்கு. அந்த மற்ற இருபத்தாறு பேரும் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். கொழும்பில் "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். "உன்னை அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று விளையாட்டுக்குச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பிறகு தனக்கே தேவை வரும்போது அந்தப் பக்கம் போகுமா? அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவகம், எந்த வைத்தியசாலையையும் போல ஒரு வைத்தியசாலை.

உங்கள் ஆசிரியர் அறையில் அறுபது பேர், பெரும்பாலும் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த கணக்கில் பார்த்தாலே இன்றைக்கு அவர்களில் இரண்டு மூன்று பேர் மனச்சோர்வோடு பாடம் எடுத்துக்கொண்டிருக்கலாம். மாணவர்களுக்கு இந்த எண்ணைப் போடாதீர்கள், பிள்ளைகளின் கணக்கு வேறு விதமாக எடுக்க வேண்டியது.

பிரசுரத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "2015ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இலங்கையில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு நாலு பேர், மனச்சோர்வு நோயோடு வாழ்ந்தார்கள். போர், இடப்பெயர்வு, வறுமை தொட்ட இடங்களில் இது அதிகம். இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரை இல்லை, ஓயாத யோசனை, நெஞ்சுப் படபடப்பு, எதிலும் விருப்பம் இல்லை என்றால் வைத்தியரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தோடு எந்த நேரமும் கதைக்கலாம்." தலையிடி, நாரி நோவு என்ற சொற்களுக்கும் எங்காவது ஒரு இடம் ஒதுக்குங்கள், பெற்றோர் தங்களை அங்கேதான் அடையாளம் காண்பார்கள். 1926ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்க முன் ஒருதடவை எனக்கு அனுப்பினால் வாசித்துப் பார்த்துத் தருகிறேன், பதகளிப்புக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள் என்று பார்க்க எனக்கும் ஆசை.